டல்லஸ் லவுஞ்சில் கை நனைத்தது

அமெரிக்காவுக்குப் போய் இளைத்து வந்தவன் எங்கள் சொந்தத்தில் நான் ஒருவன்தான். போனவர்கள் எல்லாரும் கன்னம் உப்பித் திரும்பினார்கள். எனக்கோ இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவைத்தேன். சுத்தப் பொய். சாப்பாடு என் மூக்குக்கு நேரே நெய் மணக்க ஆவி பறந்துகொண்டிருந்தது. அதைத் தொடக்கூடாது என்று என் அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள்.

எனக்குக் கோயமுத்தூர் பீளமேட்டில் ஒரு சின்ன ஃபவுண்டரி. பம்ப்செட்டுக்கு வேண்டிய இரும்பு பாகங்களை வார்த்துக் கொடுக்கிறோம். டெக்சாஸில் ஒரு பம்ப் கம்பெனிக்காரர்கள் எங்கள் சரக்கைப் பார்த்துப் பிடித்துப்போய், நேரில் வந்து பேசுங்கள் என்று டிக்கெட்டும் அனுப்பிவிட்டார்கள். அது 2001ஆம் வருடத்துக் கோடை. செய்தி வீட்டுக்குள் போனதுதான் தாமதம், அக்கா தங்கமணி ஓடி வந்தாள். பம்ப் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. "டெக்சாஸ்னா நந்தகுமார் இருக்கற ஊருதானே?" என்றாள்.

நந்தகுமார் பெருந்துறைப் பையன். ரிச்சர்ட்சனில் ஒரு டெலிபோன் சாதனக் கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை, பிளானோவில் குடியிருப்பு. என் அக்கா மகள் சுகன்யாவுக்குப் பேசிக்கொண்டிருந்த இடம். ஜாதகம் பொருந்திவிட்டது, போட்டோ போய் வந்துவிட்டது. சுகன்யா எஞ்சினியரிங் காலேஜில் பாடம் எடுக்கிறவள். அவளும் அவனும் சில மாதங்களாக ஈமெயிலில் பேசிக்கொண்டிருந்தார்கள். யாராவது நேரில் போய்ப் பையனைப் பார்த்துவிட்டு வருவதுதான் பாக்கி. தாய்மாமன் நானே போகிறேன், அப்புறம் என்ன? "நீ பாத்துச் சொல்றதுதான் முடிவு" என்று அக்காவும் மச்சானும் பாரத்தை என் தலையில் இறக்கி வைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பேச்சு முடிவாகும் வரை கை நனைக்க மாட்டோம். தண்ணீர் குடிக்கலாம், காப்பி குடிக்கலாம். சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் யார் வந்து என்ன சொன்னாலும் பேச்சு மாறக்கூடாது. மாறினால் அந்த வீட்டை மட்டுமல்ல, அந்தச் சோற்றையும் அவமதித்த மாதிரி.

கிளம்புகிற அன்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாக் கேட்டுக்க. எல்லாம் விசாரிச்சு, எங்ககிட்ட ஃபோன்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு, அப்புறந்தான் கை நனைக்கோணும். பசிக்குதுன்னு எங்கியாச்சும் உக்காந்துராதே" என்றாள். என் வயிற்றைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். பின்னால் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்த சுகன்யா, அம்மா காதில் விழாதபடி, "மாமா, நீங்க நல்லாச் சாப்பிட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பெண்ணின் சம்மதம் எனக்கு அங்கேயே கிடைத்துவிட்டது.

போகும் வழியில் டோக்கியோவில் விமானம் மாற வேண்டும். இரும்பு நாற்காலியில் முதுகு விட்டுப்போகும் அளவுக்கு உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு கண்ணாடிக் கதவு. கோட்டுப் போட்ட ஆட்கள் அதற்குள் போவதும், தெளிந்த முகத்தோடு வெளியே வருவதுமாக இருந்தார்கள். மந்திரிகள் தங்கும் இடமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, சுகன்யா கட்டிக் கொடுத்த முறுக்கைக் கடித்தேன். பம்ப் கம்பெனி எனக்கு எடுத்துக் கொடுத்தது பெரிய வகுப்பு டிக்கெட் என்பதும், அந்தக் கதவு எனக்கும் திறக்கும் என்பதும் யார் சொல்லித் தெரியும்? சீட்டு அகலமாக இருக்கிறதே, அமெரிக்க விமானம் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டல்லஸில் இறங்கி வெளியே வந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி வெயில் முகத்தில் அடித்தது. வெள்ளைக்காரன் ஊர் என்றால் குளிராக இருக்கும் என்று கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தேன். நந்தகுமார் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாங்க அங்கிள், ஏசி கார்தான்" என்றான். ஒல்லியான பையன், கண்ணாடி, படிய வாரிய தலை. மாமா என்று கூப்பிட்டால் உரிமை எடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அங்கிள் போட்டான். பரவாயில்லை, விவரமான பையன்தான் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

வழியில் ஒரு டோல் ரோடு. மனிதர்களே இல்லாத சாவடி. வாயகன்ற ஒரு கூடை மட்டும் நின்றது. சில்லறையை அதற்குள் வீசினால் கட்டை தூக்கிக்கொள்ளுமாம். "நான் போடறேன் தம்பி" என்று ஆசையாக வாங்கி, பின் சீட்டு ஜன்னலிலிருந்து வீசினேன். கூடையில் பட்டுக் காசெல்லாம் ரோட்டில் உருண்டது. காசு கீழே கிடந்தால் விட்டுவிட்டுப் போக நமக்கு மனசு வருமா? கதவைத் திறந்து இறங்கிப் பொறுக்க ஆரம்பித்துவிட்டேன். பின்னால் வரிசையாக ஹாரன். ஒரு லாரிக்காரன் தலையை நீட்டி, "பெரியவரே, இது தேவாலயம் இல்லை, மண்டியிட வேண்டாம்!" என்று கத்தினான். நந்தகுமார் முகம் சிவந்துபோனது. ஆனால் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அவனும் இறங்கி என்னோடு சேர்ந்து பொறுக்கினான்.

அவன் வீட்டில் தங்கச் சொன்னான். கம்பெனி மோட்டல் போட்டிருக்கிறது என்றேன். முறை தெரிந்தவன், வற்புறுத்தவில்லை.

மறுநாள் பம்ப் கம்பெனியில் மதியச் சாப்பாடு போட்டார்கள். டெக்சாஸில் மாடு இல்லாத சாப்பாட்டைத் தேடுவது இருக்கிறதே, அடேங்கப்பா! எதைக் காட்டிக் கேட்டாலும் மாடு. கடைசியில் ஒரு கிண்ணத்தில் பயறு வேகவைத்து வைத்திருந்தார்கள். அப்பாடா என்று ஒரு கரண்டி எடுத்து வாய் அருகே கொண்டுபோனேன். பக்கத்தில் இருந்த மேனேஜர் அன்பாக, "ருசிக்காகக் கொஞ்சம் மாட்டிறைச்சி போட்டிருக்கிறோம், கொஞ்சம்தான்" என்றார். கரண்டி கை நழுவி விழுந்தது. மீதி நாள் முழுக்க ரொட்டியும் வெண்ணெயும் வைத்து ஒப்பேற்றினேன்.

சாயங்காலம் நந்தகுமார் அவன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கதவைத் திறந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அரிசியும் பருப்பும் சோறு! சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தாளித்து, நெய் விட்டு, நம் ஊர் வாசம் அப்படியே வீட்டை நிறைத்திருந்தது. ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து சமைத்திருக்கிறான். "கொஞ்சமா சாப்பிடுங்க அங்கிள்" என்றான். "மதியம் ரொம்பப் பலமா ஆயிப்போச்சு தம்பி" என்றேன். சொல்லி வாயை மூடுவதற்குள் என் வயிறு கடகடவென்று உருட்டியது, அவனுக்கும் கேட்டிருக்கும். காப்பி போட்டு வந்து கொடுத்தான். அவனும் என் எதிரில் சாப்பிடவில்லை. அந்தச் சோறு மூடியபடியே இருந்தது. அன்றைக்கு அக்கா மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, சொல்லி மாளாது.

மூன்றாம் நாள் வேலை சீக்கிரம் முடிந்தது. மோட்டலிலிருந்து கொஞ்ச தூரத்தில் இந்தியக் கடைகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு நடக்க ஆரம்பித்தேன். நடைபாதை என்று ஒன்று இல்லை. ரோட்டோரப் புல்லில் நான் ஒருவன்தான் நடந்துபோகிறேன். ஒரு போலீஸ் கார் பக்கத்தில் வந்து ஊர்ந்தது. போலீஸ்காரர் கண்ணாடியை இறக்கி, "ஐயா, உங்கள் கார் எங்கே பழுதாகி நிற்கிறது?" என்றார். "கார் இல்லை. நடந்துதான் போகிறேன்." "ஏன்?" அந்த ஏனுக்கு நான் என்ன பதில் சொல்ல? "பசிக்கிறது" என்றேன். மனுஷன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பின் சீட்டில் ஏற்றிக் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். எங்கள் ஊரில் போலீஸ் வண்டியிலிருந்து இறங்கினால் அந்த வாரம் முழுக்கத் தெரு அதைத்தான் பேசும். இங்கே நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மளிகைக் கடைக்காரர் கீழக்கரைக்காரர், வெள்ளைத் தாடி. சமோசாவை வைத்துவிட்டு, "கோயமுத்தூரா? பையன் விசாரிக்க வந்தீங்களாக்கும்?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" "கார் இல்லாம, தராசையும் ஆளையும் மாறி மாறிப் பாக்குற பெரிய மனுஷங்க இங்க வேற எதுக்கு வர்றாங்க? கேளுங்க, எந்தப் பையன்?"

நந்தகுமார் பெயரைச் சொன்னேன். "ஓ, அந்தத் தம்பியா? புளி, கடுகு, துவரம்பருப்பு வாங்குவாரு. மத்த பயலுக ஃப்ரோசன் பரோட்டாவை அள்ளிக்கிட்டு ஓடிருவானுங்க. இவரு நின்னு பருப்பை மோந்து பாத்து வாங்குவாரு. ஒரு தடவை பில்லுல ஒரு பொருளை விட்டுட்டேன். பார்க்கிங்லேருந்து திரும்பி வந்து சொன்னாரு. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?" எனக்கு அதுவே போதுமாக இருந்தது. சமோசாவை இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் அவனுடைய ஆபீஸைச் சுற்றிக் காட்டினான். கழுத்தில் தொங்கிய அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்கிறது. காப்பி, ஜூஸ், பழம் எல்லாம் சும்மா கிடக்கிறது. அவன் கம்ப்யூட்டர் மேல் சின்னதாக ஒரு பழனி முருகன் படம். எல்லாம் சரிதான், ஆனால் அந்த மாடியில் பாதி மேஜைகள் காலி. "எல்லாரும் லீவா தம்பி?" என்றேன். "இல்லீங்க அங்கிள், கொஞ்சப் பேர் போயிட்டாங்க. எங்க டீமுக்குப் பிரச்சனை இல்லைன்னு மேனேஜர் சொல்லிட்டார்" என்றான். நானும் ஒரு தொழில் நடத்துகிறவன். ஒரு ஃபவுண்டரியில் பாதி உலை அணைந்திருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அமெரிக்கா அல்லவா, இங்கே அதற்கு வேறு கணக்கு இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு ஃபோன் போட்டேன். பையன் தங்கம் என்றேன். மச்சான் ஃபோனை வாங்கி, "அப்பறம் என்ன, கிளம்பறதுக்கு முன்னாடி கை நனைச்சுட்டு வந்துரு" என்றார். அப்பாடா! எனக்குக் கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தைவிடச் சோறு கிடைக்கப்போகிற சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

ஆனால் திங்கட்கிழமை காலையில் விதி விளையாடியது. காலை உணவுக்கு அவன் வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தோம். ஃப்ரீவேயில் ஏதோ விபத்து என்று ரேடியோவில் சொன்னார்கள். நேரே ஏர்போர்ட் போனால்தான் விமானம். நந்தகுமார் காலையில் மட்டும் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். கையில் ஒரு டப்பா. "அரிசியும் பருப்பும்தான் அங்கிள். ஃப்ளைட்ல வேண்ணா சாப்பிடுங்க. இல்லைன்னா…" என்று இழுத்தான். "ஃப்ளைட்ல எதுக்கு? அங்கியே உக்காந்து சாப்பிட்டுக்கலாம்" என்றேன். அவன் என்னைச் சட்டென்று திரும்பிப் பார்த்தான். பெருந்துறைக்காரனுக்கு இதை விளக்கியா சொல்ல வேண்டும்? காது வரை சிவந்துவிட்டான். "அப்ப ஏர்போர்ட்லயே லவுஞ்சுன்னு ஒரு ஓய்வறை இருக்கு, அங்க போயிரலாம் அங்கிள். கம்பெனி எனக்குக் கார்டு குடுத்திருக்கு, கெஸ்ட் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போலாம். நிம்மதியா சாப்பிடலாம்" என்று வண்டியை விரட்டினான். வழியெல்லாம் அவன் பாட்டு முணுமுணுத்ததை நான் கேட்காத மாதிரி இருந்தேன்.

அப்போதெல்லாம் வழியனுப்ப வருகிறவர்களும் விமானம் ஏறும் வாசல் வரை வரலாம். உள்ளே போய், டோக்கியோவில் பார்த்த மாதிரியே ஒரு கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றோம். மேஜைக்குப் பின்னால் முத்துமாலை போட்ட ஒரு அம்மாள். நந்தகுமார் பெருமையாகக் கார்டை நீட்டினான். அவர் அதைத் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "மன்னிக்க வேண்டும். உங்கள் கம்பெனி இந்தக் கார்டை ரத்து செய்துவிட்டது" என்றார்.

"எப்போது?"

"இன்று காலை. உங்களுடையது மட்டுமல்ல. காலையிலிருந்தே உங்கள் கம்பெனிக்காரர்கள் சிலர் இப்படி வந்து திரும்பிவிட்டார்கள்."

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ரேஷன் கார்டு மாதிரி புதுப்பிக்காமல் விட்டிருப்பான் என்று நினைத்து, "விடு தம்பி, வெளிய பெஞ்சுல உக்காந்துக்கலாம்" என்றேன். அவன் அசையவே இல்லை. அந்தக் கார்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். முகத்தில் ரத்தம் இல்லை.

அந்த அம்மாளுக்கு என்ன தோன்றியதோ, என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். "ஐயா, உங்களுக்குத்தான் உள்ளே வர உரிமை இருக்கிறதே! இவர் உங்கள் விருந்தாளியாக வரலாம்" என்றார். அட கடவுளே! அப்படியானால் டோக்கியோவில் நான் முறுக்குக் கடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தது? அதை நினைத்து வருத்தப்படக்கூட நேரமில்லை. என்னைக் கூட்டிப்போக வந்தவனைத் தோளில் கை போட்டு நான் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே போனால் வேறு உலகம். காலடிச் சத்தமே கேட்காத கம்பளம். ஒருவர் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் குறட்டை விடுகிறார். ஒருவர் தலை துவட்டிக்கொண்டே ஒரு கதவிலிருந்து வருகிறார். விமானம் ஏற வந்த இடத்தில் குளியல்! காலை நேரத்தில் பாட்டில்கள் வரிசையாகத் திறந்து கிடக்கின்றன, காவலுக்கு ஆள் இல்லை. ஒரு கோட்டுக்காரர் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி விஸ்கியை ஊற்றிக்கொள்கிறார். இன்னொருவர் வாழைப்பழங்களைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு, என்னைப் பார்த்து வெட்கமில்லாமல் தலையசைக்கிறார். பச்சைக் கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கி அடுக்கியிருக்கிறார்கள். சோற்றைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது.

மேஜைக்கு மேஜை டெலிபோன். நந்தகுமார் அதில் ஆபீஸுக்குப் போட்டான். ஓரமாகத் திரும்பிக்கொண்டு இங்கிலீஷில் பேசியது என் காதில் துண்டு துண்டாக விழுந்தது. "என் மேஜை மேலேயா? அட்டைப் பெட்டியா?… யார் அடுக்கினார்கள்?… வாசல் கார்டுமா?" ஃபோனை வைத்தான். என்னிடம் வரவில்லை. போய் ஒரு காப்பி கலந்து எடுத்து வந்தான். அதை என் முன்னால் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"அங்கிள், எனக்கு வேலை போயிருச்சு."

"என்ன தம்பி சொல்றே?"

"டீம் மொத்தமும் லே ஆஃப். காலைல ஆபீஸ் வந்தவங்களை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்காங்க. நான் இங்க வந்துட்டேன், எனக்குச் சொல்ல ஆள் இல்லை. என் சாமானையெல்லாம் பெட்டியில போட்டு வெச்சுட்டாங்களாம். முருகன் படத்தையும்." அந்தக் கார்டைப் பர்ஸுக்குள் திருப்பி வைத்தான். "வேலை போனா விசாவும் போன மாதிரிதான். உடனே வேற வேலை கிடைக்கணும், இப்ப யாரும் ஆள் எடுக்கறதில்லை. ஊருக்குத்தான் திரும்பணும்னு நினைக்கறேன்."

நான் ஆடிப்போய்விட்டேன். அதற்கடுத்து வந்தது கோபம். அடப்பாவிகளா! எங்கள் ஃபவுண்டரியில் ஒருவனை நிறுத்துவதென்றால் எனக்குச் சோறு இறங்காது. வீட்டுக்குப் போய், அவன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்து, திட்டு வாங்கிக்கொண்டு வருவேன். இவன்கள் வேலை செய்கிறவனுக்குச் சொல்வதற்கு முன்னால் ஏர்போர்ட்டில் காப்பி குடிக்கிற கார்டை நிறுத்தத் தெரிந்துவைத்திருக்கிறான்கள்! "என்ன மனுஷங்கடா இவங்க?" என்று நான் போட்ட சத்தத்தில் குறட்டைக்காரர் விழித்துக்கொண்டார்.

நந்தகுமார் என் பைக்குள் இருந்த டப்பாவைப் பார்த்தான். "அங்கிள், தயவுசெஞ்சு இப்ப அதைச் சாப்பிடாதீங்க. ஃப்ளைட்லயும் சாப்பிடாதீங்க. எடுத்துட்டுப் போய் எங்கியாச்சும் போட்டுருங்க. ஊருல வேண்டாம்னு சொல்லிடுங்க. நான் தப்பா நினைக்கமாட்டேன்."

அந்தப் பையன் நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கார்டில் ஏதோ கோளாறு அங்கிள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் டப்பாவைத் திறந்து வழித்துச் சாப்பிட்டிருப்பேன். கல்யாணம் முடிவாகியிருக்கும். ஒரு கவளத்துக்கு முன்னால் தடுத்து நிறுத்திச் சொல்கிறான். இந்தக் குணம் யாருக்கு வரும்? ஆனால் மச்சான் சம்மதம் சொன்னது அமெரிக்க மாப்பிள்ளைக்கு. ஊரெல்லாம் சொல்லியாயிற்று. வேலையில்லாத பையனுக்குத் தாய்மாமன் கை நனைத்துவிட்டு வந்தான் என்றால் என் அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன்? சுகன்யாவின் வாழ்க்கை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்கிறது.

"சுகன்யாகிட்ட நானே சொல்லிடறேன்" என்றான் நந்தகுமார். பர்ஸிலிருந்து ஃபோன் கார்டை எடுத்து நம்பர்களைத் தட்டினான். கோயமுத்தூரில் அப்போது விளக்கு வைத்து முடித்த நேரம். "சுகன்யா, நான்தான். உங்க மாமா இங்கதான் இருக்காங்க… இல்ல, சாப்பிடலை. ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்து, எனக்குச் சொன்னதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். அப்புறம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். "ம்" என்றான். "இல்ல, அழலை" என்றான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஃபோனை என்னிடம் நீட்டினான்.

"மாமா."

"சொல்லு அம்மணி."

"இன்னும் கை நனைக்கலையா?"

"எப்படி அம்மணி நனைக்கிறது? உங்கப்பா சம்மதம் சொன்னப்ப அவனுக்கு வேலை இருந்துச்சு."

"வேலை போனது அவருக்கு. உங்க கைக்கு என்ன வந்துச்சு?"

"விளையாடாதே கண்ணு. பொழப்பு இல்லாம ஊருக்கே வந்து நிப்பானாமா."

"வந்து நிக்கட்டும். நான் என்ன அமெரிக்காவையா கட்டிக்கறேன்னு சொன்னேன்? எனக்கு வேலை இருக்குது. அவரும் ஒண்ணு தேடிக்குவாரு. மாமா, ஒண்ணு கேக்கறேன். அவரு மறைச்சுச் சோறு போட்டிருந்தா, அப்பறம் தெரிஞ்சப்ப நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

"வெட்டியிருப்பேன்."

"அவரு மறைக்கலையில்ல?"

வயர் வழியாக அவள் மூச்சு விடுவது கேட்டது. அவளுக்கும் பயம்தான், அது குரலின் அடியில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் நான் பேசிக்கறேன். அவங்க முதல்ல கத்துவாங்க, கத்தட்டும். ஆனா நீங்க கை நனைச்சுட்டு வந்தாத்தான் நான் பேச முடியும். நனைக்காம வந்தீங்கன்னா எனக்கு நிக்கறதுக்கு இடமே இல்லீங்க மாமா."

ஃபோனை வைத்துவிட்டு, கை கழுவும் இடம் எங்கே என்று கேட்டேன். நந்தகுமார் ஒன்றும் புரியாமல் கையைக் காட்டினான். பளிங்குத் தொட்டி. குழாய்க்குக் கீழே கையை நீட்டினால் தண்ணீர் தானாகக் கொட்டுகிறது. முழங்கை வரை கழுவினேன். துடைக்கவில்லை. ஈரக் கையோடு வந்து, சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன்.

நெய்யும் பூண்டும் சீரகமும் குப்பென்று அந்த லவுஞ்சு முழுக்கப் பரவியது. பேப்பர் படித்தவர்கள் பேப்பரை இறக்கினார்கள். விஸ்கிக்காரர் மூக்கை நிமிர்த்தினார். ஸ்பூனும் முள்கரண்டியும் மினுமினுக்கிற இடத்தில் ஒரு மனிதன் கையால் பிசைந்து சாப்பிடுவதை அவர்கள் பார்த்ததில்லை போலும். பார்த்துக்கொள்ளட்டும். ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டேன். இத்தனை நாள் பட்டினிக்கு அது என்ன ருசி! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம் என்று நினைத்திருப்பார்கள்.

நந்தகுமார் சிலை மாதிரி நின்றான். உதடு மட்டும் அசைந்தது. "உப்புப் பத்துதுங்களா… மாமா?"

"கொஞ்சம் கம்மிதான். பரவாயில்லை" என்றேன். இன்னொரு கவளம் எடுத்தேன்.

அப்போது முத்துமாலை அம்மாள் கம்பளத்தில் வேகமாக வந்தார். "ஐயா, உங்கள் விமானத்தில் ஆட்களை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். இங்கே அறிவிப்பு எதுவும் செய்ய மாட்டோம், நீங்கள் உடனே கிளம்ப வேண்டும்" என்று என் கையையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

டப்பாவில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. நான் நந்தகுமார் பக்கம் திரும்பினேன்.

"சம்பந்தி வீட்டுச் சோறு, பாதியில எந்திரிக்கக் கூடாதுன்னு அந்தம்மாகிட்டச் சொல்லுங்க, மாப்பிள்ளை."

அவன் அந்த அம்மாள் பக்கம் திரும்பினான். தினமும் ஆபீஸில் இங்கிலீஷ் பேசிப் பழகியவன், நான் சொன்னதை அப்படியே தமிழிலேயே அவரிடம் சொன்னான்.